எங்கே படுத்தான் என்று பாருங்கள்

பழைய அயர்லாந்து, வேல்ஸ் கதைகளில் ஒருவன் கனவு கண்டால், என்ன கண்டான் என்று பார்ப்பதற்கு முன் எங்கே படுத்தான் என்று பாருங்கள். கதைசொல்லி அதை மறைப்பதே இல்லை. பல இடங்களில் கனவுக்குச் சமமாகப் படுக்கையைப் பற்றியும் பேசுகிறார். வாசிக்கிற நாம்தான் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய், அன்னப்பறவை, தங்க நாற்காலி, பச்சைப் போர்வைப் பெண் என்று பொறுக்கி எடுத்துக்கொண்டு அர்த்தம் தேட உட்கார்ந்துவிடுகிறோம். இந்தக் கதைகளில் கனவு மனசுக்குள்ளிருந்து கிளம்புவதில்லை. தோல், கல், மேடு, அடுப்பு என்று உடம்பு எதன்மேல் கிடக்கிறதோ அதிலிருந்து வருகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விசித்திரம் என்று தோன்றுவதில் பாதி புரிந்துவிடும்.

'ரோனாபுயின் கனவு' என்ற வேல்ஷ் கதையிலிருந்து தொடங்கலாம். வேல்ஸில் போவிஸ் நாட்டை ஆண்ட மாடோக் 1160-ல் இறந்தவர், சரித்திர மனிதர். அவருடைய தம்பி யோர்வெர்த் கோபித்துக்கொண்டு எல்லை தாண்டிக் கொள்ளையடிக்கப் போக, அவனைத் தேடப் படை கிளம்புகிறது. அதில் ஒருவன் ரோனாபுய். இரவு தங்குவதற்கு அவனும் இரண்டு தோழர்களும் ஹெய்லின் கோக் என்பவனுடைய வீட்டுக்கு வருகிறார்கள்.

அந்த வீட்டைக் கதை அறை அறையாகக் காட்டுகிறது. தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மேட்டில் கால் வைத்தால் மாட்டுச் சாணத்திலும் மூத்திரத்திலும் வழுக்குகிறது. பள்ளத்தில் வைத்தால் கணுக்கால்வரை அதே கலங்கல். மேலே பரப்பியிருந்த ஹாலி மரக் கிளைகளின் நுனியை மாடுகள் தின்றுவிட்டன. ஒரு கிழவி அடுப்பருகில் இருக்கிறாள்; குளிரும்போதெல்லாம் மடியில் வைத்திருக்கும் உமியை அள்ளி நெருப்பில் போடுகிறாள், மூக்கில் ஏறும் புகையை யாராலும் தாங்க முடிவதில்லை. சாப்பிட வாற்கோதுமை ரொட்டி, பாலாடைக்கட்டி, தண்ணீர் விட்ட பால். வெளியே காற்றும் மழையுமாக இருப்பதால் கிளம்பிப் போகவும் வழியில்லை. படுக்கையில் பாதி வைக்கோலை மாடு தின்றாயிற்று, மிச்சத்தில் குச்சியும் தூசியும் தெள்ளுப்பூச்சியும். மேலே நைந்துபோன முரட்டுக் கம்பளி, ஓட்டை விழுந்த விரிப்பு, அழுக்கேறிய அரைத் தலையணை.

தோழர்கள் இருவரும் அதிலேயே தூங்கிவிடுகிறார்கள். ரோனாபுயால் முடியவில்லை. அந்த வீட்டுத் திண்ணை மேடையில் ஒரு மஞ்சள் கன்றுத்தோல் விரித்திருக்கிறது. அதன்மேல் படுக்கக் கிடைப்பவன் அதிர்ஷ்டக்காரன் என்று கதை முன்பே போகிறபோக்கில் சொல்லிவைத்திருக்கிறது. எழுந்துபோய் அதில் படுக்கிறான். கண் மூடியதுமே கனவு தொடங்குகிறது.

கனவில் நடப்பது எதுவும் நாம் எதிர்பார்க்கிற வரிசையில் வருவதில்லை. ரோனாபுயும் தோழர்களும் செவர்ன் ஆற்றுத் துறையை நோக்கிப் போகும்போது ஒரு வீரன் துரத்தி வருகிறான். அவனுடைய குதிரை மூச்சை வெளியே விட்டால் இவர்கள் தூரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள், உள்ளே இழுத்தால் குதிரையின் மார்புவரை இழுபட்டு வருகிறார்கள். வீரனின் பெயர் இதாவ்க். பழங்கதைகளின் பிரிட்டன் அரசர் ஆர்தர் அனுப்பிய சமாதானத் தூதைத் திரித்துச் சொல்லி காம்லான் போரை மூட்டியவன் தான்தான் என்று அவனே சொல்கிறான். அதற்காக ஏழு வருஷம் தவம் இருந்து மன்னிப்பும் வாங்கிவிட்டானாம். ஆனால் அவன் இவர்களை அழைத்துப்போகும் ஆர்தர், அன்று மதியம் நடக்கவிருக்கும் பேடன் போருக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வேல்ஸின் பழைய ஆண்டுக்குறிப்பு பேடன் போரை 516-லும், ஆர்தர் வீழ்ந்த காம்லான் போரை 537-லும் வைக்கிறது. அதாவது முடிந்துபோன கடைசிப் போரின் தவமும் முடிந்த பிறகு, அதற்கு முந்தைய போர் இனிமேல்தான் வரப்போகிறது. கதை இதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்குவதில்லை. எழுத்தர் குழம்பிவிட்டார் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். போர் விவரங்களை இத்தனை கவனமாக அடுக்குகிறவருக்கு இந்த வரிசை தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தே திருப்பிப் போட்டிருக்கிறார்.

ரோனாபுயையும் தோழர்களையும் பார்த்து ஆர்தர் சிரிக்கிறார்: முன்பு எப்படிப்பட்டவர்கள் காத்த தீவை இப்போது இத்தனை அற்ப மனிதர்கள் காக்கிறார்களே என்று. அவர் கையில் ஒரு கல் பதித்த மோதிரம். 'அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டாயா? பார்த்திருந்தால்தான் இன்றிரவு கண்டது நினைவிருக்கும்' என்கிறான் இதாவ்க். விழித்ததும் கனவு ஏன் மறந்துபோகிறது என்பதற்கு இந்தக் கதை வைத்திருக்கும் மருந்து அந்த ஒரு கல்.

பிறகு ஆர்தரும் ஓவைன் என்ற வீரனும் பலகையாட்டம் ஆட உட்காருகிறார்கள். ஆர்தரின் பையன்கள் ஓவைனின் காகங்களைக் கொல்வதாக மூன்று முறை தகவல் வருகிறது. தடுக்கச் சொல்லி ஓவைன் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஆர்தரின் பதில் ஒன்றே: 'உன் ஆட்டத்தை ஆடு.' ஓவைனின் கொடி உயர்ந்ததும் காகங்கள் திருப்பித் தாக்குகின்றன. இப்போது தூதர்கள் ஆர்தரிடம் ஓடிவர, 'உன் ஆட்டத்தை ஆடு' என்கிறான் ஓவைன். கடைசியில் ஆர்தர் பலகைமேல் இருந்த தங்கக் காய்களைப் பொடியாகும்வரை நசுக்குகிறார். இதற்கு எந்த விளக்கமும் இல்லை. பெரிய ஆரவாரம் கேட்டு ரோனாபுய் விழிக்கிறான். மஞ்சள் தோலின்மேல் மூன்று பகல் மூன்று இரவு தூங்கியிருக்கிறான். கதை அங்கேயே நிற்கிறது. பின்குறிப்பாக ஒன்று மட்டும்: குதிரைகளின் நிறமும் ஆயுதங்களின் அலங்காரமும் அத்தனை இருப்பதால், பாணனோ கதைசொல்லியோ எவரும் ஏட்டைப் பார்க்காமல் இந்தக் கனவைச் சொல்ல முடியாதாம். அந்த ஏடு ஒன்றே ஒன்றுதான் பிழைத்திருக்கிறது. 1382-க்குப் பிறகு எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட் செந்நூல், இன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது.

அந்தத் தோல் அங்கே தற்செயலாகக் கிடந்தது என்று நான் நம்பவில்லை. தோலின்மேல் படுத்துக் கனவு வரவழைப்பதற்கு இந்தத் தீவுகளின் எழுத்துகளில் முறையே இருக்கிறது. 1136-ஐ ஒட்டி மன்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிய சரித்திரத்தில் புரூட்டஸ் என்பவன் ஒன்பது முறை வேண்டி, பலிபீடத்தை நான்கு முறை சுற்றி, அடுப்பில் மது ஊற்றி, பெண்மான் தோலின்மேல் படுக்கிறான். தேவதை கனவில் வந்து பிரிட்டன் தீவுக்கு வழி சொல்கிறாள். இதில் லத்தீன் காவியங்களின் சாயல் உண்டு. அயர்லாந்துக் காளை விருந்து அதைவிடக் கரடுமுரடானது.

அடுத்த அரசன் யார் என்று தெரியவேண்டும்போது அந்த விருந்து நடக்கும். கூகுலின் என்ற அயர்லாந்து வீரன் நோயுற்ற கதையில் முறை தெளிவாக இருக்கிறது. ஒரு வெள்ளைக் காளையைக் கொல்ல வேண்டும். ஒரே ஒருவன் அந்த இறைச்சியை வயிறு முட்டத் தின்று, வெந்த சாற்றையும் குடிக்க வேண்டும். அந்த நிறைவோடு அவன் தூங்கும்போது துருயிதர்கள் என்ற பழைய மதப் பூசாரிகள் நான்கு பேர் சுற்றி நின்று அவன்மேல் உண்மை மந்திரம் ஓதுவார்கள். அரசனாகப் போகிறவனின் உருவமும், அவன் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதும் தூங்குகிறவனுக்குத் தெரியும். பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது இன்னொரு கதையில், கோனயர் அரசன் பட்டம் ஏறும் இடத்தில் வருகிறது: உதடு அழிந்துபோகும். சோற்று மயக்கத்தில் உளறுகிறவனை நம்பி நாட்டை ஒப்படைக்கிறார்களே, அதற்குக் காவலாக வைத்த நிபந்தனை.

கிடைக்கும் பதிலைப் பாருங்கள். கோனயருக்கான கனவில் தெரிவது, இரவு முடியும் நேரத்தில் கவணில் கல்லோடு, அரசர்களின் இடமான தாராவுக்குப் போகும் பாதையில் உடுப்பில்லாமல் நடந்துவரும் ஒருவன். ஆள் பெயரெல்லாம் வராது. வழியில் ஆள் நிறுத்திக் காத்திருந்து பிடிக்க வேண்டியதுதான். கூகுலின் கதையில் வருவது, உடம்பில் இரண்டு சிவப்புக் கோடுகள் உள்ள ஒரு இளைஞன், நோயில் கிடக்கும் ஒருவனின் தலைமாட்டில் நிற்பதாக. அந்த நோயாளி கூகுலின். தூங்குகிறவனின் கனவு இன்னொருவன் படுக்கையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

இதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் எழுதவில்லை. துருயிதர்கள் மறைந்து நெடுங்காலம் ஆனபின் கிறிஸ்தவ எழுத்தர்கள் ஏட்டில் ஏற்றியது. நம்மிடம் உள்ள மிகப் பழைய அயர்லாந்துக் கதைத் தொகுப்பின் முக்கிய எழுத்தர் கொல்லப்பட்ட வருஷம் 1106. ஆகவே இப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் முறைகள் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன. கோர்மக்கின் பழைய சொல்லகராதி, புலவர்கள் அறிவை வரவழைக்கும் ஒரு முறையைச் சொல்கிறது. பன்றி, நாய் அல்லது பூனையின் சிவந்த இறைச்சியை மென்று, கதவுக்குப் பின்னால் ஒரு பலகைக்கல்லின்மேல் வைத்து மந்திரம் சொல்ல வேண்டும். பலன் வராவிட்டால் இரண்டு உள்ளங்கைகளின்மேலும் மந்திரம் சொல்லி, கைகளைக் கன்னத்தில் வைத்தபடி தூங்க வேண்டும். யாரும் புரட்டிவிடாமல், கலைத்துவிடாமல் பக்கத்தில் ஆள் காவல் இருக்க வேண்டும். புனித பேட்ரிக் இதைத் தடை செய்தார் என்று அதே அகராதி சேர்த்துக்கொள்கிறது.

ஸ்காட்லாந்தில் தோல் இன்னும் நெருக்கமாக வருகிறது. மேற்குத் தீவுகளைப் பற்றி 1703-ல் எழுதிய மார்ட்டின் மார்ட்டின், ஊருக்கு எட்டாத இடத்தில் ஒருவனைப் பெரிய மாட்டுத்தோலில் தலை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றி, இரவு முழுக்கத் தனியே விட்டுவிடுவார்கள் என்கிறார். கண்ணுக்குத் தெரியாத நண்பர்கள் வந்து கேள்விக்குப் பதில் சொல்வார்களாம். அருவிக்கு அருகில் அல்லது செங்குத்துப் பாறையின் அடியில் கிடத்துவார்கள் என்று 1810-ல் வால்டர் ஸ்காட் ஒரு குறிப்பு எழுதினார். அதற்குப் பிறகு சித்திரக்காரர்களுக்கு அருவி மட்டும்தான் பிடித்துப்போயிற்று. அப்போதுதான் உரித்த தோலின் ஈரமும் நாற்றமும் படத்தில் வராதே.

தோலுக்கு அடுத்தது கல். கூகுலின் ஏன் நோயில் விழுந்தான்? 'சாவின்' (Samhain) எனப்படும் பழைய அயர்லாந்துத் திருநாளில், அதாவது நவம்பர் தொடக்கத்தில், ஏரிமேல் தங்கச் சங்கிலியால் இணைந்த இரண்டு பறவைகள் வருகின்றன. அவன் குறி தவறி ஒன்றின் சிறகில் மட்டும் காயம் படுகிறது. கோபத்தோடு போய் ஒரு நடுகல்லில் முதுகைச் சாய்த்து உட்காருகிறான், தூங்கிவிடுகிறான். பச்சைப் போர்வையில் ஒருத்தி, செந்நிறப் போர்வையில் ஒருத்தி வருகிறார்கள். பச்சைக்காரி சிரித்தபடி குதிரைச் சாட்டையால் ஒரு அடி. அடுத்தவளும் சிரித்தபடி ஒரு அடி. இப்படி மாறி மாறி, சாகும் அளவுக்கு. பக்கத்தில் இருந்தவர்கள் எழுப்பப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவனான ஃபெர்கஸ் தடுக்கிறான், அவன் காட்சி கண்டுகொண்டிருக்கிறான், அசைக்காதீர்கள் என்று. விழித்தபின் ஒரு வருஷம் யாரோடும் பேசாமல் படுக்கையில் கிடக்கிறான்.

கனவில் விழுந்த அடி விழித்த உடம்பில் ஒரு வருஷம் தங்குகிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவன் குணமாகும் வழி. வைத்தியர் யாரும் வரவில்லை. அடுத்த 'சாவின்' திருநாளன்று அவன் பழைய கல்லுக்கே திரும்பிப் போகிறான். பச்சைப் போர்வைக்காரி அங்கே நிற்கிறாள். இப்போது விழித்த நிலையிலேயே பேசிக்கொள்கிறார்கள். பழைய இடத்துக்கே போனால் கனவு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இதே விதி ரோமச் சக்கரவர்த்தி மாக்சென் கதையில் துப்பறியும் உத்தியாகவே மாறிவிடுகிறது. மாக்சென் என்பது 383-ல் பிரிட்டனில் படைகளால் சக்கரவர்த்தியாக்கப்பட்டு 388-ல் கொல்லப்பட்ட மாக்னஸ் மாக்சிமஸ். கதையில் அவர் வேட்டைக்குப் போன இடத்தில் உச்சி வெயிலில் தூங்குகிறார். ஈட்டிகளில் கேடயங்களைத் தூக்கிப் பிடித்து நிழல் தருகிறார்கள், தலைக்கும் ஒரு கேடயம். கனவில் ஆற்றின் மூலம்வரை போய், மலை ஏறி, சமவெளி கடந்து, துறைமுகத்தில் திமிங்கில எலும்புப் பாலம் வழியாகக் கப்பல் ஏறி, ஒரு தீவின் மறுகரையில் ஒரு கோட்டைக்குள் நுழைகிறார். இரண்டு இளைஞர்கள் பலகையாட்டம் ஆடுகிறார்கள். தந்த நாற்காலியில் ஒரு கிழவர் தங்கக் கம்பியை அரத்தால் அறுத்துக் காய் செதுக்குகிறார். தங்க நாற்காலியில் எலென் என்ற பெண். அவளை அணைக்கும்போது வேட்டைநாய்களும் கேடயங்களும் குதிரைகளும் சேர்ந்து போடும் சத்தத்தில் விழித்துவிடுகிறார்.

தூதர்கள் ஒரு வருஷம் உலகெல்லாம் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. தவறு எங்கே என்றால், ரோமிலிருந்து கிளம்பியதுதான். கனவு ரோமில் தொடங்கவில்லையே! தூங்கிய காட்டுக்கே போய், அங்கிருந்து எந்தத் திசையில் நடந்தார் என்று பார்க்கும்படி ஆலோசனை வருகிறது. அதன்படி 13 தூதர்கள் ஆற்றோரமாகவே போனதும், மலை, துறைமுகம், கப்பல் எல்லாம் கண்டபடியே வரிசையாக வருகின்றன. கடைசியில் வந்து சேர்வது வேல்ஸில் உள்ள இன்றைய கெர்னார்வன். அங்கே ரோமர் கட்டிய செகோன்டியம் கோட்டையின் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. எலென் தூதர்களோடு வர மறுக்கிறாள். சக்கரவர்த்திக்கு என்மேல் ஆசை இருந்தால் அவரே வரட்டும் என்கிறாள். வருகிறார். அவளுக்காக அங்கே பெரிய கோட்டை எழும்பும்போது ரோமிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், சக்கரவர்த்தி தூங்கவும் உட்காரவும் நடக்கவும் உடம்புக்கு ஒத்துப்போக வேண்டுமென்று. ரோம மண்ணில் தூங்கிக் கண்ட பெண்ணோடு வாழ, ரோம மண்ணையே கட்டிலுக்கு அடியில் கொண்டுவருகிறார் மனிதர்.

வழி தெரியாத கனவு வந்தால் என்ன பாடு என்பதற்கு அயர்லாந்தின் பழைய தெய்வமான ஏங்கஸ் இருக்கிறார். அவர் எங்கும் போகவில்லை. சொந்தக் கட்டிலில் தூங்குகிறார், தலைமாட்டில் ஒரு பெண் வந்து நிற்கிறாள், கையைப் பிடிக்கப் போனால் மறைகிறாள். மறுநாள் இரவு இசைக்கருவி ஒன்றோடு வந்து வாசிக்கிறாள். ஒரு வருஷம் இப்படியே போக, சாப்பாடு இறங்காமல் படுத்துவிடுகிறார். ஒரு வீட்டிலிருந்து வரும் புகையைப் பார்த்தே உள்ளே எத்தனை நோயாளிகள் என்று சொல்லும் ஃபிங்கென் வைத்தியர்தான், காணாதவள்மேல் காதல் என்று கண்டுபிடிக்கிறார். நடந்துபோன பாதை இல்லாததால் தேடல் நீள்கிறது: தாய் போவன் ஒரு வருஷம், பிறகு மன்ஸ்டர் நாட்டில் தெய்வங்கள் வாழும் மேடுகளின் அரசன் போவ் ஒரு வருஷம். கடைசியில் ஒரு ஏரிக்கரையில் 150 பெண்கள் நடுவே அவளைக் காண்கிறார்கள். மற்றவர்கள் அவள் தோள் உயரம்தான். பெயர் கயர். ஒரு வருஷம் மனுஷி, ஒரு வருஷம் அன்னம். 'சாவின்' திருநாளன்று ஏங்கஸ் கரையில் நின்று கூப்பிட, மறுபடி தண்ணீருக்குத் திரும்ப விடுவதாக வாக்குக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வருகிறாள். இருவரும் அன்னமாகி ஏரியை மூன்று சுற்றுச் சுற்றி, பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள அவருடைய மேட்டுக்குப் பறக்கிறார்கள். இன்று நியூகிரேஞ்ச் என்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கும் இடம் அது. இவர்கள் பாடக் கேட்டவர்கள் மூன்று பகல் மூன்று இரவு தூங்கிப்போகிறார்கள். கனவில் அவள் இவரைத் தூங்கவைத்த இசை, இப்போது ஊரையே தூங்கவைக்கிறது.

அளவு மாறிப்போவதையும் சொல்லியாக வேண்டும். 19-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஹியூ மில்லர் பதிவுசெய்த ஒரு கதை: இரண்டு பேர் ஒரு சிற்றோடைப் பக்கம் இளைப்பாறுகிறார்கள். ஒருவன் தூங்க, அவன் வாயிலிருந்து வண்டு அளவில் ஒன்று வெளியே வந்து, பாசியில் இறங்கி, உலர்ந்த புல்தண்டுகளின் வழியாக ஓடையைக் கடந்து, எதிரே இருந்த இடிபாட்டின் இடுக்கில் நுழைகிறது. விழித்திருந்தவன் பயந்துபோய் நண்பனை உலுக்குகிறான். அது அவசரமாகத் திரும்பி வாய்க்குள் போன பிறகே தூங்கியவன் கண் திறக்கிறான். பெரிய ஆறு, அருவிக்கு மேலே வெள்ளிப் பாலம், மறுகரையில் மாளிகை, குவியலாகத் தங்கம். அள்ளப்போன சமயத்தில் எழுப்பிவிட்டாயே என்று திட்டுகிறான். கனவு பொய் சொல்லவில்லை. புல்தண்டு வண்டுக்குப் பாலம்தானே. ஃபெர்கஸ் கூகுலினை அசைக்க வேண்டாம் என்றதும், புலவனுக்குக் காவல் வைத்ததும் ஏன் என்பதற்கு இந்தக் கதையே பதில்: உள்ளே இருக்க வேண்டியது வெளியே போயிருக்கிறது.

இத்தனை கெடுபிடி இருந்தால் கேலியும் வரத்தானே செய்யும். மக் கான்கிளின்னே என்ற படிப்பாளி அயர்லாந்தின் கார்க் மடத்து விருந்தினர் விடுதிக்கு வருகிறான். கதவு காற்றிலும் மழையிலும் திறந்து கிடக்கிறது, போர்வையில் பேனும் தெள்ளும், முன்னவர் குளித்த தண்ணீர் தொட்டியிலேயே நிற்கிறது, இரவு உணவு என்று ஒரு கிண்ணம் மோர்த்தண்ணீர். வசை பாடியதற்காக அவனை அடித்து, இரவு முழுக்க ஒரு நடுகல்லில் கட்டிப்போடுகிறார்கள். மறுபடியும் கல்! ஆனால் அங்கே அவனுக்கு வந்து சேரும் காட்சி பால் ஏரி, கொழுப்புப் படகு, வெண்ணெய்க் கோட்டை. அந்தக் கனவைச் சொல்லித்தான், பேய் பிடித்த ஓர் அரசனைக் கட்டிவைத்து, அவன் வாய்க்கு எதிரே சுட்ட இறைச்சியைக் காட்டிக் காட்டி இழுத்து, அவன் தொண்டையில் இருந்த பெருந்தீனிப் பேயை வெளியே குதிக்கவைக்கிறான்.

நாட்டுப்புறக் கதையில் இதைவிட எளிமையான கேலி ஒன்று உண்டு. ஜோசப் ஜேக்கப்ஸ் 1894-ல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. அயர்லாந்தின் பாலகடெரீன் பக்கத்தில் ஓவன் ஓமல்ரெடி என்ற கூலியாள். வீடு, உருளைக்கிழங்கு, மனைவி மார்கரெட் எல்லாம் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு கனவு மட்டும் வந்ததில்லை. எஜமானர் வழி சொல்கிறார்: அடுப்பிலிருந்து நெருப்பை எடுத்து அணைத்துவிட்டு, அதே இடத்தில் படுக்கை போட்டுத் தூங்கு. மனைவி பைத்தியம் என்கிறாள், இவன் படுத்துவிடுகிறான். கதவைத் தட்டி யாரோ, எஜமானரின் கடிதத்தோடு அமெரிக்கா போ என்கிறார்கள். மேற்கே நடக்கிறான், எதிர்ப்படுகிறவன் பெயர் சொல்லி விசாரிக்கிறான். கடற்கரையில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு நாரை முதுகில் ஏற்றிக்கொள்கிறது. நடுக்கடலுக்கு மேலே 'எனக்குக் களைப்பாக இருக்கிறது, இறங்கிக்கொள்' என்கிறது. மேலே கதிரடிப்பவர்கள் தெரிய, ஒருவன் நீட்டிய கதிரடிக் கோலைப் பிடித்துத் தொங்குகிறான். நாரை கேலி செய்துவிட்டுப் போய்விடுகிறது. தொங்கியபடியே காலை உதறி ஒரு செருப்பைக் கீழே விடுகிறான். கீழேயிருந்து அலறல்.

மார்கரெட் மெழுகுவத்தி ஏற்றிப் பார்க்கும்போது, ஓவன் புகைபோக்கியின் பாதி உயரத்தில், பானை தொங்கவிடும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, கரி பூசிய முகத்தோடு ஏறிக்கொண்டிருக்கிறான். கதிரடிக் கோல் அந்தக் கொக்கிதான், வானம் புகைபோக்கி. இறங்கிவந்து முகம் கழுவினான், அதற்குப் பிறகு கனவு வேண்டும் என்று அவன் கேட்டதே இல்லை. எஜமானர் சொன்னது அப்படியே பலித்தது. செருப்படி மட்டும் மார்கரெட்டுக்கு.